பச்சைக் காரை எடுங்கோ

அந்த அக்காவிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். “எழுதித் தாங்கோ.”

பாட்டின் வேகம் கூடிவிட்டது என்று சொன்னாலும் அதுதான் பதில். இந்த ஊர்க் குளிர் மனிசனைக் கொல்லுது என்று சொன்னாலும் அதுதான். ஒரு முறை எனக்குக் காய்ச்சல், இன்றைக்குப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று தொலைபேசியில் சொன்னேன். “எழுதித் தாரும் தம்பி” என்றார். நான் ஒரு விசரன். போர்த்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் எழுதிக் கொடுத்தேன். கடதாசியைக் கீபோர்ட்டின் மேல் நிறுத்திவைத்து, “தலை இடிக்குது, கண் எரியுது, நான் இண்டைக்கு வரேல்லை” என்று மூன்று விதமாகப் பாடிப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் நாலு பேர். அக்கா கீபோர்ட், பாட்டும் அவர்தான். நான் பேஸ் கிற்றார். மற்ற இருவரும் கொழும்பிலிருந்து வந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், அண்ணனும் தம்பியும். அண்ணனுக்கு இரண்டாவது கீபோர்ட், தம்பிக்கு ட்ரம் மெஷின். அக்காவும் அவருடைய தாயும் ஸ்காபரோவில், வோபர்ன் என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினேழாம் மாடியில் இருந்தார்கள். அங்கேதான் பயிற்சி என்பதால் எங்கள் குழுவுக்கும் ‘பதினேழாம் மாடி’ என்றே பெயர் வைத்தோம்.

அயலட்டை முறைப்பாடு செய்யும் என்று நாலு பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்போம். எங்கள் காதுக்குள் உலகமே அதிரும். வெளியே இருப்பவருக்குக் கட்டைகளைத் தட்டுகிற சத்தமும் அக்காவின் முணுமுணுப்பும் மட்டும்தான். அக்காவின் தாய் தேத்தண்ணியோடு வந்து நின்று எங்களை ஏற இறங்கப் பார்ப்பார். “பாட்டுக்குழு எண்டாய். இதென்ன, ரைப்பிங் வகுப்போ நடத்துறாய்?”

நான் அடக்கமானவன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். என் கால் அப்படி நினைக்கவில்லை. தாளம் ஏறினால் அது தரையைக் குத்தத் தொடங்கிவிடும். ஒரு நாள் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பிரின்டெண்ட், போலந்துக்காரர், கதவைத் தட்டிக் கைகளை விரித்து நின்றார். பதினாறாம் மாடிக்காரருக்கு உத்தரம் விழப்போகிறது என்று பயம். அக்கா கடதாசியும் பேனையும் நீட்டினார். மனிதர் சுவரில் வைத்து எழுதினார், தயவுசெய்து காலை நிறுத்தவும் என்று. அவர் லிஃப்டுக்குப் போய்ச் சேருமுன் அது பாட்டாகிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து அவரும் பயிற்சிக்கு வந்து வாசலில் நின்றார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த இசை எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். அக்காவுக்கு ஒரு ஃபக்டரியில் வேலை. சர்க்யூட் போர்டுகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தவேண்டும். அங்கே எட்டு மணித்தியாலமும் ஓர் ஆங்கில றேடியோ பாடிக்கொண்டிருக்கும். இரும்புபோல நேராக அடிக்கிற தாளம், அதன் மேல் கீபோர்ட், அதன் மேல் உணர்ச்சியே காட்டாத ஒரு குரல். அதற்கு நியூ வேவ் என்று பெயர் என்பதைச் சொன்னவன் ட்ரம் மெஷின் தம்பி. கூடவே இதையும் சொன்னான்: “வெள்ளக்காரங்க இதக் கேட்டு முடிச்சு பத்து வருஷமாச்சு அக்கா.”

“அவை முடிச்சால் என்ன? நாங்கள் இப்பதானே வந்து இறங்கியிருக்கிறம்.”

பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார். “உந்தப் பாட்டுக்காரருக்கு அழவும் தெரியேல்லை, சிரிக்கவும் தெரியேல்லை தம்பி. ஆனா கால் நிக்குதில்லை. எங்கட சனமும் இப்ப அப்பிடித்தானே இருக்குது.” இது சத்தியமான வார்த்தை. அந்த நாட்களில் ஸ்காபரோவில் எல்லோரும் இரண்டு வேலை செய்தோம். அழ நேரமில்லை, ஊரிலிருந்து வருகிற செய்தியைக் கேட்டால் சிரிக்க மனமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வைபவங்களில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணமோ பிறந்தநாளோ சாமத்தியவீடோ, மேடையில் பாட்டுக்குழு இருந்தால் சபையிலிருந்து துண்டு வரும். விருப்பமான சினிமாப் பாட்டின் முதல் வரியை எழுதி, யாருக்காக என்றும் எழுதி, மேடைக்கு அனுப்புவார்கள். அந்தப் பாட்டைப் பாடாவிட்டால் அனுப்பினவர் மூன்று வருடத்துக்குக் கோபமாக இருப்பார். எங்கள் குழுவுக்கோ ஒரு சினிமாப் பாட்டும் தெரியாது. அக்கா பழகவும் விடவில்லை. முதல் நிகழ்ச்சிக்குப் போனபோது மண்டபத்தின் பின்வாசல் எங்கே என்று முதலில் பார்த்துவைத்தேன்.

முதல் துண்டு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. ஒரு பழைய பாட்டின் முதல் வரி, அதன் கீழே, ‘எங்கட இருபத்தைஞ்சாவது கலியாண நாள். என்ர மனிசி மனோன்மணிக்காக.’ அக்கா அதைப் பார்த்தார். பாட்டின் வரியை விட்டுவிட்டார். ட்ரம் மெஷினைத் தட்டச் சொல்லிவிட்டுக் கீழே இருந்ததைப் பாடினார். “இருபத்தைஞ்சு வருஷம், மனோன்மணி, இருபத்தைஞ்சு வருஷம்.” திரும்பத் திரும்ப அதையே, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரமாக.

பெரியவர் எழுந்து நின்று, “நான் கேட்டது உதில்லை! உது என்ன கூத்து!” என்று கத்தினார். நான் கிற்றார் வயரைக் கழற்றிக்கொண்டு ஓட ஆயத்தமாக இருந்தேன். பக்கத்தில் இருந்த அன்ரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இருத்தினார். “இருங்கோப்பா. என்ர பேரை மைக்கில ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்லை. கேப்பம்.”

அன்றிலிருந்து அதுதான் அக்காவின் முறை. பாட்டுக் கேட்டால் பாட்டைப் பாடமாட்டார், கேட்டவரைப் பாடுவார். துண்டுகளைச் சேர்ப்பது என் பொறுப்பு. முன்கூட்டி வாசிக்கக்கூடாது, எழுதினவர் யார் என்று சொல்லக்கூடாது, பாடி முடித்ததும் துண்டைக் கொண்டுபோய் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு முறை கேட்டேன். “அது அவையின்ர தம்பி. நாங்கள் ஏன் வைச்சிருக்கிறது?” என்றார். வளைந்து கொடுக்கிற ஆளில்லை.

எங்களைத் தூக்கிவிட்டது ஒரு கார்.

ஒரு ஞாயிறு பின்னேரம், கலியாண வரவேற்பு. அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தோம். பெண்ணின் மாமனார் முறையான ஒருவர் வியர்க்க வியர்க்க ஓடிவந்து என் கையில் ஒரு துண்டைத் திணித்தார். வாசிக்கக்கூடாது என்பதால் நான் வாசிக்கவில்லை, அப்படியே அக்காவிடம் நீட்டினேன். அதில் எழுதியிருந்தது இது: ‘பச்சைக் கார்க்காரர் உடனே வரவும். சாப்பாட்டு வான் உள்ளே வர வழியில்லை. காரை எடுக்கவும்.’

வேறு யாராக இருந்தாலும் மைக்கில் அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அக்கா கண்ணை மூடினார். “பச்சைக் கார்க்காரர், எங்கை நிக்கிறியள்? பச்சைக் காரை எடுங்கோ. வழியை விடுங்கோ, வழியை விடுங்கோ, பச்சைக் காரை எடுங்கோ.” ட்ரம் மெஷின் தம்பி அன்றைக்கென்று வேகத்தைக் கூட்டிவைத்திருந்தான். முதலில் பெடியன்கள் எழுந்தார்கள். பிறகு பெட்டையள். பிறகு, நான் பொய் சொல்லவில்லை, பட்டுச் சேலைகள் எழுந்தன. வழியை விடுங்கோ என்று வருகிற இடத்தில் முழு மண்டபமும் கத்தியது. சாப்பாட்டு வான் வெளியே நின்று ஹோர்ன் அடித்தது. அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துச் சனம் ஆர்ப்பரித்தது.

துண்டு தந்த மாமனார் மேடைக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். அவரும் ஆடுகிறார் என்று நினைத்து அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரைச் சுற்றி ஒரு வட்டமே கட்டிவிட்டார்கள். நாற்பது நிமிடம். பச்சைக் கார்க்காரர் மாப்பிள்ளையின் சிநேகிதர். அவ்வளவு நேரமும் முன்வரிசையில் நின்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல், எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டதற்கு, “பாட்டெண்டெல்லோ நினைச்சனான்!” என்றார். சோறு ஆறிப்போய் வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

அதன்பிறகு எங்களுக்குச் சனி ஞாயிறு ஓய்வில்லை. ஸ்காபரோவில் ஒரு கலியாண அட்டை அடிக்குமுன் பதினேழாம் மாடிக்குத் தொலைபேசி அடிப்பார்கள். நான் தலைமயிரை ஒரு பக்கம் வளரவிட்டு, தோளில் மூட்டை வைத்துத் தைத்த ஒரு கோட்டும் போட்டுத் திரிந்தேன். படங்கள் இருக்கின்றன. காட்டமாட்டேன்.

துண்டுகளும் மாறின. சினிமாப் பாட்டின் முதல் வரி மெல்ல மெல்ல இல்லாமல் போனது. ‘எனக்குக் கீழ்வீட்டு அறையில் ஜன்னல் இல்லை.’ ‘தம்பி கொழும்பில் லொட்ஜில் நிற்கிறான், இன்னும் விசா வரவில்லை.’ ‘நான் அவளுக்குக் கடிதம் கொடுத்தேன். அவள் இந்த ஹோலில்தான் இருக்கிறாள். பதில் சொல்லட்டும்.’ எல்லாவற்றுக்கும் அதே இரும்புத் தாளம். அக்காவின் குரல் இரங்கவும் இரங்காது, பகிடி பண்ணவும் பண்ணாது. எழுதினதை எழுதினபடி பாடும். ஜன்னல் இல்லாத அறைக்காக முந்நூறு பேர் ஆடினதைப் பார்த்திருக்கிறேன். எழுதினவன் ஒரு தூணோடு நின்று ஆடினான், அவனுடைய முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. கடிதக்காரனுக்கு அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. அவர்களுடைய மூத்த மகனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

ஒரே ஒரு தடவை நான் விதியை மீறித் துண்டை வாசித்தேன். கொடுத்தவரின் முகம் சரியில்லை. ‘பொம்பிளைப் பிள்ளை மேடையில் நின்று கத்துவது வடிவில்லை. வீட்டுக்குப் போ’ என்று இருந்தது. சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது, கை பைக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “அதைத் தாரும்” என்றார்.

“வேண்டாம் அக்கா.”

“நீரோ எழுதினது?”

“இல்லை.”

“அப்ப தாரும்.”

வாங்கிப் பாடினார். ட்ரம் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு விரலால் மட்டும் கீபோர்ட்டைத் தொட்டு, தாலாட்டுப் பாடுவதுபோல. வீட்டுக்குப் போ, வடிவில்லை, வீட்டுக்குப் போ. முடித்துவிட்டுத் துண்டை உயர்த்திக் காட்டி, “எழுதினவர் வந்து வாங்கிக்கொண்டு போகலாம்” என்றார். நின்றோம். ஒருவரும் வரவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டத் தொடங்கினார். அந்தக் கைதட்டல் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த அக்காவில் எனக்கு அப்போது அவ்வளவு மதிப்பு. அதனால்தான் பிறகு நடந்தது அவ்வளவு கோபத்தைத் தந்தது.

ஸ்காபரோவில் கசெட் கடை வைத்திருந்த ஒருவர் எங்களைப் பதிவு செய்து வெளியிட முன்வந்தார். மார்க்கம் என்ற பக்கத்து நகரில் ஒரு ஸ்ரூடியோவை ஒரு நாள் முழுவதற்கும் எடுத்துத் தந்தார். லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல், அக்கா பாடின நல்ல பாட்டுகளையெல்லாம் ஞாபகத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கத்தில் பச்சைக் கார்.

அக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். “இது ஆரின்ர பாட்டு?”

“நீங்கள் பாடினதுதானே அக்கா.”

“பாடினது முடிஞ்சுது தம்பி. இப்ப ஆர் கேக்கினம்?”

பாடாமல் இல்லை, பாடினார். காலை பத்து மணியிலிருந்து பாடினார். மரக்கட்டை பாடினதுபோல இருந்தது. பச்சைக் காரை எடுங்கோ என்றபோது, அந்தக் கார் எங்கே நின்றாலும் அவருக்கு அக்கறையில்லை என்று தெரிந்தது. பின்னேரம் ஆனது. பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விட்டார். அக்கா அவரிடம் போய் ஒரு கடதாசியை நீட்டினார். மனிதருக்கு விளங்கவில்லை. என்னவாவது எழுதும்படி அக்கா சைகை காட்டினார். அவர், இன்று என் மகளுக்குப் பிறந்தநாள், நான் இங்கே இருக்கிறேன் என்று எழுதினார். அக்கா திரும்பி வந்து அந்த ஒரு வரியை நாலு நிமிடம் பாடினார். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அப்படி வாசித்ததில்லை. முடிந்ததும் கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவுப் பொத்தானை அமத்த மறந்துவிட்டார்.

அந்த நாள் அப்படியே முடிந்தது. வெளியே கார்த் தரிப்பிடத்தில் வைத்து நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. “உங்கட பிடிவாதத்தால நாங்கள் இருந்ததுக்கே ஒரு அடையாளம் மிஞ்சப்போறதில்லை. இன்னும் பத்து வருஷத்தில இப்பிடி ஒரு குழு இருந்தது எண்டு ஒரு நாய்க்கும் தெரியாது.”

எழுதித் தாரும் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அந்த ஒரு தடவை அவர் அப்படிச் சொல்லவில்லை. கீபோர்ட்டைக் காரின் பின் சீற்றில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் குழு கலைந்தது. அக்கா கலியாணம் செய்து, மேற்கே வெகு தூரத்தில் இருக்கிற கல்கரி நகருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு மனம் ஆறவில்லை. பிறகு எத்தனையோ வருடம் கலியாணங்களுக்குப் போனால், காலையில் றிச்மண்ட் ஹில் கோயிலில் தாலி கட்டும்வரை இருந்துவிட்டு வந்துவிடுவேன். பின்னேர வரவேற்புக்கு மனைவி தனியே போவார். மேடையில் வேறு குழு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நான் ஒரு குழுவில் இருந்தேன், ஒருத்தி அதைக் கவிழ்த்துவிட்டாள் என்பதற்கு மேல் மனைவியிடமும் எதையும் சொன்னதில்லை.

போன வருடக் கோடையில் தப்பமுடியாமல் போயிற்று. மனைவியின் தமையன் மகனுக்குக் கலியாணம், மார்க்கத்தில் பெரிய மண்டபம். மேசையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கடதாசித் துண்டுகளும் ஒரு பென்சிலும் வைத்திருந்தார்கள். என்ன இது என்று யோசிக்குமுன் மேடையில் ஒரு பெண்பிள்ளை கீபோர்ட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். இங்கே பிறந்த பிள்ளை. ஒரு துண்டை எடுத்து விரித்தாள். இரும்புபோல ஒரு தாளம் தொடங்கியது.

“நேர்சிங் சோதினை ரெண்டு தரம் ஃபெயில். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா ஏழாம் மேசையில.”

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பாட்டு இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது ஏழாம் மேசையில் ஒரு தாய் எழுந்து, யார் என்று கேட்காமல், எந்தப் பக்கமும் பார்க்காமல், “மூண்டாம் தரம் எழுதடி!” என்று கத்தினார். மண்டபம் கொதித்தது.

அதோடு முடியவில்லை. சாப்பாட்டுக்கு வரிசை கட்டத் தொடங்கியபோது மாப்பிள்ளையின் தகப்பன் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். “பச்சைக் கார் முடியட்டும்.” குழு பச்சைக் காரைப் பாடியது. சனம் பாத்திரங்களுக்கு முன்னால் நின்று, வழியை விடுங்கோ என்று கத்தி ஆடியது. கடைசியில் வாசல் பக்கமிருந்து யாரோ ஹோர்ன் சத்தம் போட்டார்கள். பிறகுதான் மூடியைத் திறந்தார்கள்.

“இது என்னப்பா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“என்ன, என்னப்பா? எல்லா வீட்டிலயும் செய்யிறதுதானே. பச்சைக் கார் பாடாமல் சோறு போட்டால் கலியாணம் நிறைவில்லை எண்டு சொல்லுவினம். நீங்கள்தான் ஒண்டுக்கும் வாறேல்லையே.”

இடைவேளையில் அந்தப் பாட்டுக்காரப் பிள்ளையைத் தேடிப் போனேன். துண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க. இந்தப் பழக்கம் எங்கே படித்தது என்று கேட்டேன்.

“இது எங்கட ட்ரெடிஷன், அங்கிள். லைக், ரொம்பப் பழசு. ஊரில இருந்து வந்தது. எங்கட மாமி சொன்னவா, அந்தக் காலத்தில மாட்டு வண்டிலை எடுங்கோ எண்டுதான் பாடுறவையாம், இஞ்சை வந்தாப்பிறகுதான் கார் ஆகினதாம்.” என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நீங்கள் ஜஃப்னாதானே? உங்களுக்குத் தெரியாதா?”

சிரித்தேன். சிரித்து முடிய நேரம் எடுத்தது. அந்தப் பிள்ளை பயந்து தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். முப்பது வருடமாகக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறேன், வெளியே ஊர் முழுக்க எங்களைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த நாள் காலை ட்ரம் மெஷின் தம்பியிடம் நம்பர் வாங்கிக் கல்கரிக்கு அடித்தேன். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அதே குரல்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாம் மேசை, பச்சைக் கார், மாட்டு வண்டில். பிறகு கேட்டார். “சோறு சூடாய் இருந்ததோ?”

“இருந்தது அக்கா. அக்கா, அண்டைக்கு ஸ்ரூடியோ வாசலில நான் சொன்னது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“நீர் சொன்னது சரி எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான் தம்பி.” சாதாரணமாகத்தான் சொன்னார். “ஒண்டும் மிஞ்சேல்லை, என்னாலதான் எண்டு. இஞ்சை வந்தாப்பிறகு கீபோர்ட்டைத் தொடேல்லை.”

கார்த் தரிப்பிடத்தில் நான் கத்தின ஒரு வசனத்தை ஒரு மனுசி இவ்வளவு காலம் சுமந்திருக்கிறார், நான் பாட்டுக்கு என் கோபத்தை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் போய் இது யாருடையது என்று பெயரோடு சொல்லப்போகிறேன் என்றேன். உடனே மறித்தார். “சொல்லிப்போடாதேயும். என்ர எண்டு தெரிஞ்சால் கவனமாய்ப் பாடத் தொடங்கிவிடுவினம்.” எழுதுகிறபோதும் பெயரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். போடவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவரே எடுத்தார். அடுத்த வரவேற்பு எப்போது, தான் ஒரு துண்டு தரலாமா என்று கேட்டார். கேட்டபோது குரலில் ஒரு கூச்சம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை, அதே பிள்ளையின் குழு பாடுகிற ஒரு வரவேற்புக்கு, நானாகவே கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டதைப் பார்த்து மனைவி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். மண்டபத்தில் துண்டைக் கொடுத்துவிட்டுக் கல்கரிக்கு அடித்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை விரித்து வாசித்தாள். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நொடி தாமதித்துவிட்டுப் பாடினாள்.

“நான் இஞ்சை இல்லை, கன தூரத்தில இருக்கிறன். நீங்கள் ஆடுறது எனக்குக் கேக்கவேணும். கொஞ்சம் உரக்க ஆடுங்கோ.”

இரண்டாம் சுற்றில் சனத்துக்கு விளங்கிவிட்டது. எழுந்தார்கள். செருப்போடும் செருப்பைக் கழற்றியும் நிலத்தை மிதித்தார்கள். அன்ரிமார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கால் அதிர மிதித்தார்கள். பாட்டுக் குரலே அமுங்கிப்போகிற அளவுக்கு மிதித்தார்கள். போனைக் காதில் வைத்து, கேட்கிறதா அக்கா, கேட்கிறதா என்று கத்தினேன். அவர் ஏதோ சொன்னார். விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

“போனை நிலத்தில வையும் தம்பி.”

இரண்டு மேசைகளுக்கு நடுவில் முழங்காலிட்டு, அவ்வளவு கால்களுக்கும் பக்கத்தில், வைத்தேன்.